பாதியில் நின்ற கணக்கு



மரண சகாய நிதி என்பது நம் கெடா மாநிலத் தோட்டங்களுக்குப் புதிய செய்தி அல்ல. பீடோங் பக்கமானாலும், பாடாங் செராயானாலும், கோலக்கெட்டிலானாலும், லயத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு தொகையைக் கொடுப்பது நம்மவர்களின் பழக்கம். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்களும் இதை விடாமல் நடத்துகிறார்கள். இன்று நாம் பேசப்போவது கணினியைப் பற்றி. ஆனால் அதற்கு இந்த நிதியைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது.

அந்த நிதியின் கணக்கை ஒரு கணினியில் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். துக்க வீட்டைத் தவிர்த்து 50 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே கொஞ்சம் பணம் கட்டி வைத்திருக்கிறது. சாவு விழுந்ததும் குடும்பத்துக்கு 10 வெள்ளி கழித்து, மொத்தம் 500 வெள்ளியைத் துக்க வீட்டுக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆக, கணினி 51 தடவை எழுத வேண்டும். 50 பற்று, 1 வரவு.

முப்பதாவது குடும்பம் வரைக்கும் எழுதியாயிற்று. அந்த நேரம் பார்த்து இடி இடித்து, கரண்டு போய்விட்டது. இப்போது கணக்கின் நிலை என்ன? 300 வெள்ளி கழிந்துவிட்டது. துக்க வீட்டுக்கு ஒரு காசும் வரவில்லை. அந்த 300 வெள்ளி எவர் பெயரிலும் இல்லை. கரண்டு வந்த பிறகு பொருளாளர் மறுபடியும் பொத்தானை அழுத்தினால், முதல் 30 குடும்பங்களுக்கு 20 வெள்ளி கழிந்துவிடும். அழுத்தாமல் விட்டால் சாவு வீட்டுக்காரர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பொருளாளர் நேர்மையான மனிதராகவே இருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் பேச்சு எழாமல் இருக்குமா?

இந்த 51 எழுத்தும் ஒரே காரியம். அரைக் காரியம் என்று ஒன்று இதில் இருக்கக் கூடாது. முழுதாக நடக்க வேண்டும், அல்லது நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும். இப்படிப் பிரிக்க முடியாத ஒரு கட்டாகக் கணினிக்குக் கொடுக்கப்படும் வேலைக்குத்தான் பரிவர்த்தனை என்று பெயர். பிள்ளைகள் டிரான்சாக்ஷன் என்பார்கள்.

'இது படித்தவர்கள் பாடு, நமக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996ல் திறக்கப்பட்டது. பீடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001ல் தொடங்கியது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த வாசல்களில் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை எழுதப்போகும் நிரல், நம் பணத்தைத்தான் எண்ணப் போகிறது. ஆகவே அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று நாமும் ஓரளவுக்குத் தெரிந்துகொள்வது நல்லது.

கணினி வருவதற்கு முன்பே இந்தக் கவலை இருந்தது. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோனவர்கள் பலர். அந்த நிலையில், 1960ல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் தொடக்க காலத்தில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்.

பத்து வெள்ளி என்பது அன்றைய தோட்டக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. அப்படிக் கட்டிய ஒவ்வொரு பத்து வெள்ளியும் இரண்டு இடத்தில் ஏற வேண்டும். சங்கத்தின் ரொக்கக் கணக்கில் ஒரு வரவு, உறுப்பினர் பெயரில் ஒரு வரவு. முதலாவது மட்டும் ஏறி இரண்டாவது விடுபட்டால், பணம் சங்கத்தில் இருக்கும், பங்கு மட்டும் இருக்காது. காகிதத்தில் கணக்கு எழுதிய காலத்தில் இதைக் காப்பாற்றியது கிராணியின் கவனம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பார். தொகை ஒத்துவரவில்லையென்றால் விளக்கு வைத்துக்கொண்டு தேடுவார். கணினிக்கு அந்த அக்கறை கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது.

நிலம் வாங்கியவர்களுக்கு இன்னொரு சங்கதியும் தெரிந்திருக்கும். 1966ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டத்தின்படி, பணம் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று என்பதால் மட்டும் நிலம் நம் பெயருக்கு மாறிவிடாது. நில அலுவலகத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அது ஏறுகிற வரைக்கும் பட்டாவில் பழைய பெயர்தான். ஏறிய பிறகு புதிய பெயர்தான். நடுவில் 'பாதிச் சொந்தக்காரர்' என்று பட்டாவில் ஒருவரும் இல்லை. கணினியிலும் இப்படி ஒரு கணம் உண்டு. அதற்குக் கமிட் என்று பெயர். உறுதி செய்தல் என்று நாம் சொல்லலாம். அந்தக் கணம் வருவதற்குள் ஏதாவது தடங்கல் நேர்ந்தால், எழுதிய அத்தனையும் அழிந்து பழைய நிலை திரும்பும். அதற்கு ரோல்பேக், அதாவது பின்வாங்கல், என்று பெயர்.

இந்தக் கருத்தைத் தெளிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். 1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது இதில் உழைத்தார். 1998ல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவரும் அவர் கூட்டாளிகளும் செய்து வைத்த வேலை இன்று உலகத்து வங்கிகள் எல்லாவற்றின் அடித்தளத்திலும் இருக்கிறது.

சரி, கரண்டு போன கணினிக்குப் பழைய நிலை எப்படித் தெரியும்? செத்துப்போன இயந்திரம் எதை நினைவில் வைத்திருக்கும்?

நம் கைத்தொலைபேசிகள் அநேகமாக எல்லாவற்றிலும் எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளம் இருக்கிறது. தரவுத்தளம் என்றால் கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான வேலையில் இருந்தபோதுதான் இதன் தேவை அவருக்குப் பட்டது. போர்க்கப்பலுக்காக எழுந்த யோசனை இன்று நம் சட்டைப்பையில் உட்கார்ந்திருக்கிறது. அது செய்யும் உபாயம் மிக எளியது. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால், அந்தப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தனி நோட்டில் நகல் எடுத்து வைத்துவிடும். நகல் பத்திரமாக வட்டில் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகே அசல் புத்தகத்தில் கை வைக்கும். 51 எழுத்தும் முடிந்ததும் அந்த நகல் நோட்டைக் கிழித்துப் போடும். அந்தக் கிழிக்கும் செயல்தான் கமிட்.

முப்பதாவது எழுத்தில் கரண்டு போனால் என்ன ஆகும்? கணினி மறுபடி உயிர்பெற்று, கணக்கைத் திறக்கும்போது நகல் நோட்டு அங்கே கிடக்கும். 'இது இன்னும் கிழிக்கப்படவில்லையே, அப்படியானால் வேலை பாதியில் நின்றிருக்கிறது' என்று அதற்குத் தெரிந்துவிடும். நகலில் உள்ள பக்கங்களைத் திரும்ப அசலில் எழுதிவிட்டு, பிறகு நோட்டை அழிக்கும். 30 குடும்பங்களின் 10 வெள்ளியும் அவரவர் கணக்கில் திரும்ப நிற்கும். பொருளாளர் மனநிம்மதியோடு மீண்டும் பொத்தானை அழுத்தலாம். இதில் வேறு முறைகளும் உண்டு. புதிய மாற்றத்தை முதலில் ஒரு நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைத்து, பிறகு அசலில் ஏற்றுவதே பெரிய வங்கிகளின் தரவுத்தளங்களில் வழக்கம். எந்த முறையானாலும் சாரம் ஒன்றுதான்: தடயத்தை முதலில் எழுது, பிறகு கணக்கைத் தொடு. ஆனால் ஒன்று. சில மலிவான மெமரி கார்டுகள் எழுதாமலேயே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட பொருளில் கணக்கு வைத்தால் எந்த உபாயமும் கை கொடுக்காது.

இப்போது நிரல் எழுதும் பிள்ளையின் பக்கம் வருவோம். கரண்டு போவது ஒரு தொல்லை. அதைவிட அடிக்கடி வரும் தொல்லை வேறு. பதினேழாவது குடும்பத்தின் கணக்கில் 6 வெள்ளிதான் இருக்கிறது, 10 வெள்ளி கழிக்க முடியவில்லை. அல்லது ஒரு குடும்பத்தின் பெயரே பட்டியலில் இல்லை. இப்படிப் பிழை வரும்போது நிரல் அந்த இடத்திலேயே வேலையை விட்டு வெளியேறும். வெளியேறும்போது 'இதுவரை எழுதியதைப் பின்வாங்கு' என்று தரவுத்தளத்துக்குச் சொல்ல வேண்டும். சி போன்ற பழைய மொழிகளில், வெளியேறும் வாசல் ஒவ்வொன்றிலும் இதை எழுதியவரே நினைவாகப் போட வேண்டும். பத்து வாசல் இருந்தால் பத்து இடத்திலும் போட வேண்டும். ஒன்பது இடத்தில் போட்டு ஓர் இடத்தில் மறந்துவிட்டால், பரிவர்த்தனை மூடப்படாமல் திறந்தே கிடக்கும். அடுத்து எழுதுவதெல்லாம் அதற்குள்ளேயே போய் விழும். மற்றவர்கள் எழுத முடியாமல் காத்துக் கிடப்பார்கள்.

இந்த மறதிக்கு மருந்தாக வந்த மொழிகளில் ஒன்று ரஸ்ட். கிரேடன் ஹோர் என்ற கனடா நாட்டுக்காரர் 2006ல் சொந்த முயற்சியாக இதைத் தொடங்கினார். அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி, மென்பொருள் கோளாறால் நின்றுபோய்விட, 21ஆம் மாடிக்குப் படியேறிப் போனாராம். ஒரு மின்தூக்கிக்குக்கூட உருப்படியாக நிரல் எழுத முடியவில்லையே என்ற எரிச்சலில் பிறந்தது இந்த மொழி. மொசில்லா நிறுவனம் ஆதரவளிக்க, 2015 மே மாதத்தில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது.

ரஸ்ட் மொழியில் எஸ்கியூலைட்டைக் கையாள ரஸ்கியூலைட் என்ற ஒரு துணை நூலகம் உண்டு. அதில் பரிவர்த்தனையைத் தொடங்கினால், அந்தப் பரிவர்த்தனையே ஒரு பொருளாக நிரலின் கையில் தரப்படும். ஸ்டோர்ச் சாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாவி வெளியே போயிருக்கும் நேரத்தில் நிரலின் வேறொரு பகுதி அதே இணைப்பின் வழியாக நேராகப் போய் எழுதப் பார்த்தால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே மொழிபெயர்ப்பி தடுத்துவிடும். 'சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது' என்று சொல்லும். கமிட் செய்கிறபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு அதே சாவியைக் கொண்டு எழுதப் பார்த்தாலும் தடுத்துவிடும். இவை இரண்டும் பிழை நடந்த பிறகு வரும் கண்டிப்பு அல்ல. நடக்கவே விடாத காவல்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பதினேழாவது குடும்பத்தில் பிழை வந்து, நிரல் அந்த இடத்திலேயே வெளியேறுகிறது. ரஸ்ட் மொழியில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், பிழை வந்ததும் வெளியேறிவிடும். வெளியேறும்போது கையில் இருந்த சாவி தானாகக் கீழே விழுகிறது. அதற்கு டிராப் என்று பெயர். கமிட் ஆகாமல் சாவி விழுந்தால், நூலகம் உடனே பின்வாங்கல் கட்டளையைத் தரவுத்தளத்துக்குக் கொடுத்துவிடும். எத்தனை வாசல் இருந்தாலும் சரி, எதன் வழியாகப் போனாலும் சரி. அந்தப் பிள்ளை எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கமிட் எழுத மறந்துவிட்டாலும் இதே கதிதான். சத்தமில்லாமல் எல்லாம் பின்வாங்கிவிடும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள், 'எல்லாம் சரியாக ஓடியது, கணக்கில் மட்டும் ஒன்றும் ஏறவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். எங்கள் கருத்தில் இது ஏற்கக்கூடிய தொல்லையே. மறதியால் காரியம் நடக்காமல் போனால் திரும்பச் செய்துகொள்ளலாம். மறதியால் பாதி நடந்து போனால் அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சாவி கீழே விழுந்து பின்வாங்கல் நடக்க, நிரல் உயிரோடு இருக்க வேண்டும். கரண்டே போய்விட்டால் நிரலும் செத்துவிடும், சாவி விழுவதற்கும் ஆள் இல்லை. அப்போது காப்பாற்றுவது ரஸ்ட் அல்ல, முன்பு சொன்ன நகல் நோட்டுதான். பகல் காவலுக்கு ஒருவர், இரவுக் காவலுக்கு ஒருவர் என்பது போல இரண்டு காவல். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கணக்கைத் தொட்டால் என்ன ஆகும்? ஒரு குடும்பத்தின் கணக்கில் 100 வெள்ளி. பொருளாளர் ஒரு கணினியில் 10 வெள்ளி கழிக்கிறார். அதே நேரம் செயலாளர் வேறொரு கணினியில் 20 வெள்ளி கழிக்கிறார். இருவர் கண்ணுக்கும் 100 என்றுதான் தெரிந்தது. ஒருவர் 90 என்று எழுத, மற்றவர் அதன் மேலேயே 80 என்று எழுதினால், வர வேண்டிய 70 வராது. குடும்பத்துக்கு 10 வெள்ளி லாபம், நிதிக்கு நட்டம். பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால், எஸ்கியூலைட் இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். ஆனால் இருவரும் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுத முயன்றால், ஒருவருக்கு 'இப்போது முடியாது' என்ற பதில் வரும். அவர் பின்வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எழுதப்போகிறோம் என்று தெரிந்தால், பரிவர்த்தனையைத் தொடங்கும்போதே எழுதும் உரிமையைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அதற்கென்றே இம்மீடியட் என்ற வகை இருக்கிறது. இந்த விஷயத்தில் ரஸ்ட் நமக்குக் காவல் இல்லை. இரண்டு கணினிகளுக்கு இடையே நடப்பதை ஒரு நிரலின் மொழிபெயர்ப்பியால் பார்க்க முடியாது.

இவ்வளவு காவல் இருந்தும், வங்கி இயந்திரத்தில் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டது, நோட்டு வெளியே வரவில்லை என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்கிறோமே, அது எப்படி? பின்வாங்கல் என்பது ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் செல்லும். வாயிலிருந்து வெளியே விழுந்த நோட்டைத் திரும்ப இழுக்க எந்தத் தரவுத்தளத்தாலும் முடியாது. இரண்டு வங்கிகளுக்கு இடையிலும் அப்படித்தான். சுங்கை பட்டாணியில் இருக்கும் மகன் ஒரு வங்கியிலிருந்து, தோட்டத்தில் இருக்கும் அம்மாவின் வேறு வங்கிக் கணக்குக்கு டூயிட்நவ் வழியாக அனுப்புகிறார். 2018 டிசம்பரில் தொடங்கிய சேவை இது. இங்கே புத்தகம் இரண்டு, சொந்தக்காரர் இரண்டு பேர். ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட முடியாது. செய்தி அனுப்பி, பதில் பெற்று, பதில் வராவிட்டால் கழித்ததைத் திருப்பி வரவு வைத்துச் சமாளிக்கிறார்கள். அந்த இடைவேளையில்தான் பணம் தொங்குகிறது.

இந்த நேரத்தில் பதற்றப்பட்டு மறுபடி அனுப்ப வேண்டாம். நல்ல நிரல்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் தடவை வந்தால் செய்யாமல் விட்டுவிடும். ஆனால் நாம் முதலிலிருந்து புதிதாக அனுப்பினால் அது புதிய எண்தான், இரண்டு தடவையும் போய்விடும். நேரத்தையும் தொகையையும் இயந்திரம் இருந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு வந்தால் பத்திரப்படுத்துங்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள். வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 'நீங்கள்தான் தப்பாக அழுத்தியிருப்பீர்கள்' என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். இயந்திரத்தின் உள்ளே ஒவ்வோர் அசைவும் பதிவாகிறது, அதைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வங்கியின் முடிவில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையிடம் கொண்டு போகலாம். பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த மரண சகாய நிதிக் கணக்கை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் மொத்தத் தொகையைக் கூட்டிக் குறித்துக்கொண்டு, பொத்தானை அழுத்திய உடனே நிரலைப் பாதியில் நிறுத்தச் சொல்லுங்கள். மடிக்கணினி இல்லாமல் பழைய மேசைக் கணினியாக இருந்தால் பிளக்கையே பிடுங்கலாம், ஆனால் அதில் வேறு முக்கியமான வேலை எதுவும் இருக்கக் கூடாது. திரும்பத் திறந்து கூட்டிப் பார்க்கட்டும். பத்துத் தடவை, இருபது தடவை செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் துக்க வீட்டுக் கணக்கில் 500 வெள்ளி ஏறியிருக்க வேண்டும், அல்லது ஒரு காசும் ஏறியிருக்கக் கூடாது. 50 குடும்பங்களின் கணக்கும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். அப்படி வரவில்லையென்றால், எந்த எழுத்து பரிவர்த்தனைக்கு வெளியே விழுந்திருக்கிறது என்று பிள்ளை தேடிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஒரு தேநீர் போட்டுக் கொடுங்கள்.